கையை விட்டாலும் தலை சாயக் கூடாது

2024 பிப்ரவரியில் அந்தச் செய்தி வந்தது. 1972இல் லண்டனில் திருடுபோன, பாடகர் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டார், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கைக்கே திரும்பிவிட்டது. 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர் 500/1. வயலினைப் போன்ற உடல். இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் இரு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் அந்த வடிவம் அவருக்குப் பிடித்துப்போனது. நான் படித்த செய்திகள் எல்லாம் பாடகரைப் பற்றியும் திருட்டைப் பற்றியும் விரிவாக எழுதின. 1950களில் அந்த வடிவத்தை யோசித்த வால்டர் ஹோஃப்னரைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதை லைப்சிக்கில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். அவர் பேஸ் வாசிப்பவர். "ஹோஃப்னர் குடும்பத்தோட பூர்வீகப் பக்கத்துலதான் ஒரு மாஸ்டர் எனக்கு கிட்டார் செஞ்சுக்கிட்டு இருக்கார். அடுத்த தடவை போகும்போது நீங்களும் வாங்க" என்றார். கிளம்பிவிட்டேன்.

ஆடோர்ஃப் ரயில் நிலையத்தில் இறங்கி, மலைச்சரிவுகளுக்கு இடையே மார்க்நொய்கிர்ஷன் போனோம். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் எல்லையை ஒட்டிய சிற்றூர். மத நெருக்கடியால் பொஹீமியாவிலிருந்து வெளியேறி வந்த வயலின் ஆசாரிகள் 1677இல் இங்கே சங்கம் அமைத்தார்கள். அன்றிலிருந்து இந்த வட்டாரத்துக்கு இசைக்கருவிதான் சோறு போடுகிறது. 1887இல் கார்ல் ஹோஃப்னர் தொழில் தொடங்கிய ஷோன்பாஹ், எல்லைக்கு அந்தப் பக்கம்தான். இன்று அதன் பெயர் லூபி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஹோஃப்னர் குடும்பம் பவேரியாவுக்குப் போய்ப் பிழைப்பைத் தொடங்கியது. அந்த வயலின் வடிவ பேஸ் அங்கேதான் உருவானது.

மாஸ்டரின் பட்டறை வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது கிட்டார் அல்ல. சுவர் நிறைய ஆணியில் தொங்கிய ப்ளைவுட் பலகைகள். ஒன்று இலை போல, ஒன்று உடைந்த கோடரி போல, ஒன்று எதைப் போலவும் இல்லாமல். ஒவ்வொன்றிலும் பென்சிலில் வாசிப்பவரின் பெயர், முழங்கை படும் இடம், தொடை படும் இடம். இவை மாதிரிப் பலகைகள். மரத்தில் அரம் படுவதற்கு முன் வடிவம் முடிவாவது இந்தப் பலகையில்தான்.

விசித்திர வடிவ பேஸ் என்றாலே மேடை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். 1975இல் பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸுக்காக லாரி பிளெஸ் செய்த நட்சத்திர பேஸைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றலாம். ஆனால் பேஸுக்கென்று ஒரு தீராத சிக்கல் உண்டு. அதன் தந்தி நீளம் வழக்கமாக 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டருக்கு மேல். அந்த நீளத்தின் கோடியில், தலைப்பக்கம், கனமான முறுக்காணிகள். ஸ்ட்ராப்பில் மாட்டித் தோளில் தொங்கவிட்டால் தலை தரையைப் பார்த்துச் சாயும். சாய்கிற கழுத்தை இடக்கை தாங்க வேண்டிவரும். தாங்குகிற கை எப்படி வாசிக்கும்? 1951இல் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸின் மேல்கொம்பை நீளமாக வைத்தது இந்தப் பாரத்தைச் சமன்செய்யத்தான். மரச்சாமான் வடிவமைப்பாளரான நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் தலையையே நீக்கி, உடலைச் சிறு பெட்டி அளவுக்குச் சுருக்கினார். வடிவத்தை மாற்றுகிறவர் யாராக இருந்தாலும் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நண்பரிடம் V வடிவ பேஸ் ஒன்று இருந்தது. கடையில் ஆசைப்பட்டு வாங்கியது. உட்கார்ந்தால் தொடையில் நிற்காமல் வழுக்கும். நின்றால் தலை சாயும். சைக்கிள் விபத்தில் இடத்தோள் அடிபட்ட பிறகு அதை ஒரு பாட்டு முழுக்கத் தாங்க அவரால் முடியவில்லை. மாஸ்டரிடம் அவர் கேட்டது பிறை வடிவம். மேல்நுனி நீண்டு பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே வர வேண்டும். உள்வளைவு தொடையில் உட்கார வேண்டும்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். பிறை வடிவப் பலகையில் ஒரு பழைய கழுத்தைத் திருகி, நான்கு முறுக்காணிகளையும் பூட்டி, நண்பரின் தோளில் மாட்டினார் மாஸ்டர். "கண்ணை மூடுங்க. இப்ப ரெண்டு கையையும் விடுங்க." கழுத்து மெதுவாகக் கீழே இறங்கியது. மேல்நுனியில் வரிசையாகத் துளைகள் போட்டு வைத்திருந்தார். ஸ்ட்ராப் திருகை அடுத்த துளைக்கு மாற்றினார். மறுபடியும் இறங்கியது, முன்னைவிடக் குறைவாக. நுனியில் ஒரு துண்டு ப்ளைவுட்டைப் பசைபோட்டுப் பட்டறைப் பிடியால் இறுக்கினார். காயும்வரை காப்பி. பிறகு மறுபடியும் "கையை விடுங்க." பல தடவைக்குப் பிறகு கழுத்து லேசாக மேல்நோக்கிய சாய்விலேயே நின்றது. நண்பர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். மாஸ்டர் பென்சிலை எடுத்து, ஸ்ட்ராப் திருகின் இடத்தில் அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார்.

அதற்குப் பின் ஆல்டர் பலகையை அறுப்பது, மேப்பிள் கழுத்தைப் பொருத்துவது, பிக்கப் வைப்பது, வயரிங் என்று வேலை வெகுநாள் நீள்கிறது. என் மனம் அந்த மனிதரிடமே நின்றுவிட்டது.

மாஸ்டரின் தாத்தா வயலின் தலைச்சுருள் மட்டும் செதுக்கியவர். வாழ்நாள் முழுக்க அது ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது: ஒரு வீட்டில் கழுத்து, ஒரு வீட்டில் சுருள், ஒரு வீட்டில் வில். டஜன் கணக்கில் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கி வருவார்கள். மாஸ்டர் பதினாறு வயதில் கிழக்கு ஜெர்மனியின் அரசு ஆலையில் பழகுநராகச் சேர்ந்தார். அங்கேதான் மின்கிட்டார் அவர் கைக்கு வந்தது. 1990க்குப் பிறகு கிழக்கு நாடுகளின் சந்தை சரிந்தது, ஆட்குறைப்பு வந்தது. பல வருடம் கட்டட வேலையில் கூரைக்கு மரம் அடித்தார். பழுதுபார்க்கக் கிட்டார் கொண்டுவந்த ஒருவர், "எனக்கு வலக்கையில் மூணு விரல்தான். அதுக்கேத்த மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். சுவரில் தொங்கும் முதல் பலகை அவருடையது.

இந்த ஊரின் தெருக்களில் நடந்தால் பெரிய மாளிகைகள் தெரியும். அவை கைவினைஞர்கள் கட்டியவை அல்ல. கருவிகளை வாங்கி விற்றவர்கள் கட்டியவை. ஏற்றுமதி எவ்வளவு கொழித்தது என்றால், 1893 முதல் 1916 வரை இந்தச் சிற்றூரில் அமெரிக்கத் தூதரக அலுவலகமே இருந்தது. அதே காலத்தில் சுருள் செதுக்கியவர் வீட்டில் பிள்ளைகளும் வேலை செய்தார்கள். தயாரித்த கை ஓர் இடம், பணம் சேர்ந்த பெட்டி வேறிடம். அதற்கும் முன்பே, கிட்டார் செய்யத் தச்சர்களுக்கு உரிமையில்லை என்று வயலின் சங்கம் வழக்காடியது. அந்தத் தச்சர் தரப்பைச் சேர்ந்தவரும் இந்த ஊரில் பிறந்தவருமான சி. எஃப். மார்ட்டின் 1833இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் பெயர் தாங்கிய கிட்டார்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. உழைப்பவரை மதிக்காத ஊர் இழப்பது இதைத்தான்.

நிலைமை இன்றும் பெரிதாக மாறவில்லை. மாஸ்டர் செய்த பேஸ் ஒன்று பெருநகரக் கடையில் அவருக்குக் கிடைத்ததைப் போல இரு மடங்குக்கு மேல் விலைக்கு நின்றதை நண்பர் பார்த்திருக்கிறார். விளம்பர அட்டையில் மரத்தின் பெயர் இருந்தது, பிக்கப்பின் பெயர் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை. மாதிரிப் பலகையோடு கழிந்த நாட்களுக்குக் கடைக்காரர் ஒரு காசும் தரவில்லை. "அது வடிவம்தானே, வேலை இல்லையே" என்றாராம். கோபம் வந்தது எனக்கு. ஒரு மனிதனின் தோளும் தொடையும் முழங்கையும் வலியும் கணக்கில் வந்து சேரும் இடம் அந்தப் பலகைதான். மரத்தை அறுக்க இன்று இயந்திரம் உண்டு. கையை விடச் சொல்லி, கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அந்த வேலைக்குக் கூலி இல்லையென்றால் அடுத்த தலைமுறையில் அதைச் செய்ய யாரும் வரப்போவதில்லை. மாஸ்டரின் மகன் வரவில்லை.

கிளம்பும்போது மாஸ்டர் பில் எழுதினார். மரம், உதிரிகள், செய்கூலி என்று மூன்றே வரி. நண்பர் அதைத் திருப்பிக் கொடுத்தார். "மாதிரிப் பலகை வேலையை முதல்ல எழுதுங்க மாஸ்டர், மணிக்கணக்குப் போட்டு." அவர் தயங்கினார்; இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். நண்பர் விடவில்லை. புது பில்லில் அந்த வேலை முதல் வரியாக ஏறியது, தொகையும் ஏறியது, நண்பர் முழுதாகக் கொடுத்தார். தனக்கென்று ஒரு வடிவம் கேட்டு இப்படிப்பட்ட பட்டறைக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்த வரியைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.