அமைதிப்படையும் அம்மாயியின் வெங்காயமும்

இந்திய அமைதிப்படையை நான் கண்ணால் கண்டதில்லை. 1987இல் அது வடக்குக்கும் கிழக்குக்கும்தான் வந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்கு வரவில்லை. ஆனால் அதன் சூடு எங்கள் லயத்து அடுப்பு வரை வந்தது. அந்தப் படையைக் கொண்டுவந்த இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்த, தெற்கின் கிளர்ச்சி இயக்கமான ஜே.வி.பி., இந்தியச் சாமான்களை விற்கக் கூடாதென்று கடைகளுக்கு உத்தரவு போட்டிருந்தது. டவுனில் பம்பாய் வெங்காயம் கேட்டால், முதலாளி வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். "எவனோ படை அனுப்புனான், நம்ம சட்டியில வெங்காயம் போச்சு" என்பார் அம்மாயி. இந்தியாவையே பார்த்திராத எங்களை இந்தியாக்காரன் என்று ஏசுவதற்கும் அந்தப் படை ஒரு சாக்கானது.

சமாதானம் காக்க வந்த படை, அந்த ஒக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கியது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் சுடப்பட்டார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை கப்பலேறியபோது ஏறத்தாழ 1,200 சிப்பாய்களை இழந்திருந்தது. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில், அந்தப் படையை அனுப்பிய ராஜீவ் காந்தியைப் புலிகளின் தற்கொலைக் குண்டு கொன்றது. பக்கத்தில் நின்றவர்களும் செத்தார்கள். தோட்டத்துச் சனத்தில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நீலகிரிக்குப் போன எங்கள் சொந்தக்காரர்கள், அதற்குப் பிறகு சிலோன் என்று வாய் திறக்கவே பயந்தார்கள்.

பிறகு என் அக்கா வீட்டு வேலைக்கு பெய்ரூட் போனார். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். "பாத்திரம் கீழ விழுந்தாலும் மேடம் சுவத்தோட ஒட்டிக்கிறாங்கடா" என்றார் ஒரு கேசட்டில். அந்த ஊருக்கு அப்படி என்ன நடந்தது என்று தேடி வாசித்தேன்.

1983 ஒக்டோபர் 23, ஞாயிறு காலை. வெடிமருந்து ஏற்றிய லொறி, பெய்ரூட்டுக்கு அமைதிப்படையாக வந்த அமெரிக்க மரைன் படை தங்கியிருந்த கட்டடத்துக்குள் பாய்ந்தது. 241 பேர் பலி. சில நிமிடங்களில் பிரெஞ்சுப் படையின் கட்டடத்திலும் குண்டு வெடித்து 58 பேர் பலி. மரைன் கட்டடத்து வாசல் காவலர்களின் துவக்கில் தோட்டா ஏற்றப்பட்டிருக்கவில்லை. அமைதிப்படைக்கு அப்படித்தான் கட்டளை. ஆனால் அதற்கு முந்தின மாதமே அமெரிக்கக் கப்பல்கள் அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் லெபனான் இராணுவத்துக்கு ஆதரவாக மலைப்பக்கம் குண்டு பொழிந்திருந்தன. துவக்கு வெறுமையாக இருந்தாலும், படை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகவே சனம் கண்டது.

ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தச் சிப்பாய்களுக்காக எனக்குப் பெரிதாக இரக்கம் வரவில்லை. யாழ்ப்பாணத்துச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த மனசு அது. என்னைப் பிடித்து நிறுத்தியது, பிரெஞ்சுக் கட்டடத்தின் லெபனான் காவலாளியைப் பற்றிய ஒரு வரி. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அதே குண்டில் போனார்கள். பங்களா வாசலில் காவல் நிற்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு குடும்பத்துக்காக மனம் இளகிய பிறகுதான், தூக்கத்திலேயே நசுங்கிய இளந்தாரிகளும் என் கண்ணுக்கு மனுசராகத் தெரிந்தார்கள்.

2010 முதல் நம் நாட்டுச் சிப்பாய்களும் ஐ.நா. அமைதிகாப்புப் பணிக்காக லெபனானில் போய் நின்றிருக்கிறார்கள். எந்தப் படையைப் பற்றி வாசித்தாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். அது யாரை நோக்கிச் சுட்டது? குண்டு வெடித்த பிறகு யாருடைய கதவைத் தட்டினார்கள்? முதல் கேள்வி, குண்டு ஏன் வந்தது என்று சொல்லும், அதை நியாயமாக்காது. இரண்டாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பேப்பரில் வராது. அதை நம்மைப் போன்றவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.