ஜித்தாவின் வேப்பமர நிழலில்



ஜித்தா என்றதும் நம்மில் பலருக்கு விமான நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். இறங்குகிறோம், பஸ் ஏறுகிறோம், மக்கா போய்ச் சேருகிறோம். 2024இல் உம்றாவை முடித்துக்கொண்ட பின் நான்கு நாட்கள் அவ்வூரில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் தங்கச்சி குடும்பம் பதினைந்து வருடமாக அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் நாள் அஸருக்குப் பின் மச்சான் எங்களைப் பழைய பட்டணமான அல்பலதுக்கு அழைத்துப் போனார். செங்கடலில் வெட்டியெடுத்த பவளக் கற்களால் கட்டிய உயரமான வீடுகள். முகப்புகளில் 'ரவாஷீன்' எனப்படும் செதுக்குவேலை செய்த மரச் சாளரங்கள். உள்ளிருக்கும் பெண்கள் தெருவைப் பார்க்கலாம். தெருவில் போவோர் உள்ளே பார்க்க இயலாது. காற்றுக்கு மட்டும் தடையில்லை. 2014இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நடுவே நஸீஃப் மாளிகை நிற்கிறது. 1872இல் தொடங்கி 1881இல் கட்டி முடித்தது. 1925இல் மன்னர் அப்துல் அஸீஸ் ஜித்தாவுக்குள் வந்தபோது தங்கிய வீடு. அதன் வாசலில் ஒரு வேப்பமரம்! நம்மூர் முற்றத்தில் நிற்பதைப் போலவே நிற்கிறது. முன்பெல்லாம் பழைய ஜித்தாவில் மரம் என்று சொல்ல இது ஒன்றுதான் இருந்ததாம். 'மரம் உள்ள வீடு' என்றே ஊரார் அழைத்திருக்கிறார்கள்.

அந்த நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் தங்கச்சி கேட்டாள்.

"நானா, இவள் லண்டன் ஓ.எல். முடிச்சிட்டாள். எல்லாம் நல்ல பெறுபேறு. லண்டன் ஏ.எல்.லையும் இங்கேயே செய்தால் நம்மட நாட்டு மெடிக்கல் பெகல்டிக்குப் போகலாம்தானே?"

எனக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. 2019இலும் இவள் இப்படி ஒரு கேள்வி கேட்டாள். பிள்ளையை ஊருக்கு அனுப்பிப் படிப்பிக்கவா என்றாள். "ஏன் குழப்புகிறாய், 'ஏ' எங்கே எடுத்தாலும் 'ஏ'தான்" என்று சொன்னவன் நான். விசாரித்துப் பார்க்காமல் சொன்னேன். மௌலவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பிவிட்டாள்.

அதற்குப் பின்னர் பாடசாலையில் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கும்போதுதான் உண்மை விளங்கியது. அதை அன்று அவளிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நமது அரச மருத்துவ பீடங்களுக்கு மாணவரைத் தெரிவது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்து. ஒரு பிள்ளையின் புள்ளி, அந்த வருடம் அதே பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் கணிப்பதே அது. மூன்று பாடங்களின் கணிப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். நாற்பது சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பரீட்சையையே எழுதாத பிள்ளைக்கு இசட் புள்ளி எங்கிருந்து வரும்? ரியாலுக்கு மாற்று விலை உண்டு, சகோதரிகளே. லண்டன் 'ஏ'யை இசட் புள்ளியாக மாற்றித் தரும் கடை கிடையாது.

வெளிநாட்டில் படித்த நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. ஒவ்வொரு கற்கைநெறியிலும் 0.5 சதவீத இடங்கள் வரை அவர்களுக்கு வழங்கலாம். அதாவது இருநூறு இடங்களுக்கு ஒன்று. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் வெளியிடும் கைந்நூலில் பார்க்கலாம்.

லண்டன் ஏ.எல்.லுடன் வேறு நாட்டில் மருத்துவம் படிக்கலாம். ஆனால் இலங்கை மருத்துவச் சபை அங்கீகரித்த பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். சபை விதித்த குறைந்தபட்சத் தகைமையும் பிள்ளையிடம் இருக்க வேண்டும். பட்டத்தோடு வந்தபின் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். செலவோ குடும்பத்தின் முதுகெலும்பைக் கேட்கும்.

நான் சொல்லி முடித்ததும் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் படிச்சது ஒண்டுமில்லையா மாமா?"

மச்சான் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பதினைந்து வருடம் வெயிலில் உழைத்துக் கட்டிய பாடசாலைப் பணம் அவருடையது.

"இல்லை மகள். நீ படித்த உயிரியலும் இரசாயனவியலும் எங்கேயும் போகவில்லை. உன் பெறுபேறு குறைந்ததும் அல்ல. அது வேறு தராசு, இது வேறு தராசு. அதை முன்கூட்டியே சொல்லாதது மாமாவின் பிழை" என்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். நான் புறப்படும் இரவு, "நம்மட ஏ.எல். சிலபஸைக் கொண்டுவரச் சொல்லி அனுப்புங்க மாமா" என்றாள். விஞ்ஞானப் பாடங்களை ஆங்கில மொழியிலும் எழுதலாம் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் கடந்தகால வினாத்தாள்களோடு உட்கார்ந்திருக்கிறாள். பாடத்திட்டம் மாறியதால் சில அத்தியாயங்களை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. உம்மாவை நினைத்து அழுவதும் உண்டு. இடம் கிடைக்குமா என்பதை எவரும் இன்று சொல்ல முடியாது. ஆனால் எந்தத் தராசில் நிறுக்கப்படப் போகிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் கடல் கடந்து படிக்கிறதா? அது ஓ.எல். வகுப்புக்கு வருமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பிள்ளை எந்த நாட்டின் வாசலைத் தட்டப் போகிறது? அந்த வாசலில் எந்தப் பரீட்சையைக் கேட்பார்கள்? பதிலை என்னைப் போன்ற மௌலவியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேளாதீர்கள். கைந்நூலைத் திறந்து நீங்களே வாசியுங்கள்.