சாக்குக்குள் இருந்த எஞ்சின்

இவர் காலமான பின் கொட்டிலைத் துப்புரவாக்கியபோது, சாக்கில் சுற்றிய ஹொண்டா எஞ்சின் ஒன்று அகப்பட்டது. பழைய இரும்பு வாங்க வந்தவர், "இது ஐம்பதக்கா, இரும்பு விலைதான்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மண்ணெண்ணெயும் பழைய பற்தூரிகையும் கொண்டு அடிப்பக்கத்து அழுக்கைத் தேய்த்தேன். சி70ஈ என்று தொடங்கும் இலக்கம் தெரிந்தது. பெட்டியில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள் புத்தகத்திலும் அதே இலக்கம்! ஆனால் சிலிண்டரை மாற்றியிருக்கலாமே. மகன் கொண்டுவந்த வேர்னியரால் அளந்தோம். உள்விட்டம் 47 மில்லிமீற்றர். ஐம்பதுக்கு 39தான்.

பிஸ்டன் தலையில் கரி தடித்துக் கிடந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய காலத்துக் கரி. இந்த மகனைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்தப் புகையோடுதான். சுரண்ட மனம் வரவில்லை. ஆனாலும் சுரண்டினேன்.

இறுகியிருந்த வளையங்களுக்குப் பதிலாகப் புதியன போட்டோம். வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீற்றருக்கு வைத்தோம். மகனின் சைக்கிளில் பூட்டி உதைத்தால் தும்மல் மட்டுமே வந்தது. திரும்பவும் கழற்றிப் பார்த்தோம். மக்னற்றில் 'ரி' குறி நேராக நின்றது; மேலே சங்கிலிச் சில்லின் வட்டக்குறியோ ஒரு பல் தள்ளி நின்றது. என் பிழைதான், மகனிடம் சொல்லவில்லை.

நேற்று மாலை மூன்றாவது உதையில் பிடித்தது. அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். புகை கொஞ்சம் கூடத்தான். வளையங்கள் படியும்வரை அப்படித்தான் இருக்கும்.