ஆசிரியரைத் திருத்திய மாணவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பங்கு ஆலயத்தின் பொன்விழா மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதினேன். முற்காலத்தில் இவ்வூர் மக்கள் அறியாமையில் கிடந்தார்கள் என்றும், மறைப்பணியாளர்களே அவர்களை மனிதராக்கினார்கள் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தேன். பழைய அறிக்கைகளில் படித்ததை நல்லெண்ணத்தோடுதான் எடுத்தெழுதினேன்.

மறு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், ஓர் இளைஞன் அந்த மலரோடு என்னிடம் வந்தான். எங்கள் பங்குப் பள்ளியில் படித்து, பின்னர் கல்லூரியில் வரலாறு பயின்றவன். "சாமி, எங்கள் பாட்டனார் பனையேறிப் பிழைத்தவர். ஊர்க் கணக்கெல்லாம் அவர் வாயில் இருக்கும். யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. அவரை வேறு யாரும் மனிதராக்க வேண்டியிருக்கவில்லை" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்குச் சுருக்கென்றது. "நல்ல நோக்கத்தோடு எழுதியதுதானே, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது மறுமொழி அன்று என்பதை அவனும் அறிவான், நானும் அறிவேன்.

சரியான மறுமொழி, சில மாதங்கள் கழித்து நெல்லைச் சீமையின் தென்கோடியில் உள்ள இடையன்குடியில் எனக்குக் கிடைத்தது. அங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தில்தான் ஆங்கிலிக்கன் ஆயர் இராபர்ட் கால்டுவெல் துயில்கிறார். குருமடத்தில் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிப் பயின்ற நாள்களில் அவர் பெயரைக் கேட்டிருந்தேன். அவர் வாழ்வை நான் கருத்தூன்றிப் படித்தது, அவர் கல்லறையைக் கண்டு திரும்பிய பிறகே.

1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், ஸ்காத்துலாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் கால்டுவெல். இளமையில் ஓவியம் பயின்றார். பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சான்ட்ஃபோர்டின் வகுப்புகளில் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் ஆர்வம் அவருள் வேரூன்றியது. 1838இல் இலண்டன் மிஷனரிச் சங்கத்தின் பணியாளராகச் சென்னை வந்து, மூன்றாண்டுகள் தமிழ் கற்றார். 1841இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, நெல்லைக்குப் பணிக்கு வந்தார். பல்லக்கும் வண்டியும் இருந்த காலத்தில், சென்னையிலிருந்து தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை வழியாகக் கால்நடையாகவே பயணம் செய்தார். மக்களின் வழக்கங்களையும் பேச்சையும் அருகிருந்து அறிய வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

அந்த ஆண்டின் இறுதியில் அவர் வந்து சேர்ந்த இடையன்குடி, செம்மணற் காட்டில் பனைகளுக்கிடையே கிடந்த சிற்றூர். அங்கே நேரான தெருக்களை வகுத்தார், கிணறு தோண்டுவித்தார், பள்ளி நடத்தினார். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் பணிபுரிந்த மால்ட் குடும்பத்தின் மகள். தமிழைத் தாய்மொழிபோல் பேசியவர். அவ்வம்மையார் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார். பின்னல் வேலையும் பழக்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. 1847இல் தொடங்கிய ஆலயப் பணி நிறைவெய்தி, நேர்ந்தளிப்பு நடக்க 33 ஆண்டுகள் ஆயின. ஆலயத்துக்காகக் காத்திருந்த அவர், பள்ளிக்காகக் காத்திருக்கவில்லை.

1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தமிழர் அனைவரும் அறிந்தது. இம்மொழிகள் தனியொரு குடும்பம் என்று 1816இலேயே எல்லிஸ் என்னும் ஆங்கில அலுவலர் சுட்டியிருந்தார். அதனை விரிவான சான்றுகளோடு நிலைநாட்டியவர் கால்டுவெல். 1875இல் வந்த இரண்டாம் பதிப்பில் மலைவாழ் மக்களின் மொழிகள் உட்படப் பன்னிரு மொழிகளைக் கணக்கில் கொண்டார். எழுத்தில்லாத தோடர் மொழியும் இலக்கணமுடையதே என்று காது கொடுத்துக் கேட்ட பணிவு அது. இம்மொழிகளைச் சித்திய இனத்தோடு அவர் உறவுபடுத்தியதைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆயினும் அவர் இட்ட அடித்தளம் அசையவில்லை. 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில், நம் புனித சவேரியாரின் கடற்கரைப் பணியைப் பற்றியும் எழுதினார்.

இத்தகைய பெருமகனின் வாழ்வில்தான் அந்த வேறொரு நூலும் இருக்கிறது. 1849இல், தாம் பணியாற்றிய பனைத்தொழில் மக்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அடுத்த ஆண்டே அது இலண்டனிலும் அச்சானது. அம்மக்களின் பூர்வீகத்தையும் அறிவாற்றலையும் தாழ்த்தி அதில் எழுதியிருந்தார். மொழிகளிடம் காட்டிய பொறுமையை, தம் வாசலில் நின்ற மனிதர்களிடம் அப்போது அவர் காட்டவில்லை. நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம். 'நல்ல நோக்கத்தோடு எழுதியதுதானே' என்று அவரும் சொல்லியிருக்கலாம்.

அந்நூலை எதிர்த்தவர்கள் யார்? மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்களும் அவர்கள் வழிவந்தோரும்தாம். சட்டம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட உபதேசியார் முதலில் குரல் எழுப்பினார். 1857இல் நாசரேத்துக்கு அருகே, வெளிநாட்டார் தலைமையை விட்டு விலகித் தனிச் சபையே கண்டார். பின்னர் நாடார் சமூகத்துக் கிறிஸ்தவர் பலர், தங்கள் வரலாற்றைத் தாங்களே ஆராய்ந்து மறுப்புகள் எழுதினர், விண்ணப்பங்கள் அனுப்பினர். இறுதியில் அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கால்டுவெலின் தோல்வி என்று சிலர் இதைக் கூறலாம். நானோ, அவர் நடத்திய கல்விப் பணியின் உண்மையான வெற்றி இதுவே என்பேன். கொடுத்த எழுத்தைக் கொண்டு மாணவர் நன்றிக் கடிதம் மட்டுமே எழுதுவார்களானால், அங்கே கல்வி இன்னும் முழுமை பெறவில்லை. "ஐயா, நீங்கள் எழுதியது தவறு" என்று சான்றோடு எழுத அவர்களால் முடிந்த நாளில்தான் அந்தப் பள்ளி தன் பணியை நிறைவேற்றியது. எதிர்ப்பைக் கண்டு அவர் பள்ளிகளை மூடிவிடவில்லை. 1877இல் ஆயராகத் திருநிலை பெற்றார். 1883இல், எழுபதை நெருங்கும் வயதில், சாயர்புரத்துக் கல்லூரியைத் தூத்துக்குடிக்குக் கொண்டுசென்று வளர்த்தார். 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் உயிர் நீத்த அவரை, இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவரைத் திருத்திய மக்களே அவரைப் போற்றவும் செய்தார்கள். சென்னைக் கடற்கரையில் 1968இல் அவருக்குச் சிலை எழுந்தது.

அன்பு வாசகர்களே, நம் பங்குகளில் பள்ளிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் படித்தவர்கள் திரும்பி வந்து நம் தவற்றைச் சுட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? 'நம்மிடம் படித்தவன் நம்மையே கேட்கிறானே' என்று மனம் புழுங்குகிறோமா, அல்லது விதைத்தது முளைத்தது என்று இறைவனுக்கு நன்றி கூறுகிறோமா?

இடையன்குடியிலிருந்து திரும்பிய வாரத்தில் அந்த இளைஞனின் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சற்றுக் கூச்சத்தோடு, "அதெல்லாம் எதற்கு, சாமி" என்றான். "உன் பாட்டனாரைப் பற்றி நீயே எழுதித் தா, தம்பி, பங்கு மடலில் வெளியிடுவோம்" என்றேன். எழுதித் தந்தான். நான்கு பக்கங்கள். அதில் ஓர் எழுத்தையும் நான் திருத்தவில்லை.