ரயில் போன பாதையிலே

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் வானளாவிய கட்டிடங்களைப் பற்றியும் கடைத்தெருக்களைப் பற்றியும் நிரம்பச் சொல்வது வழக்கம். நாம் சொல்லப் போவது வேறு. அந்த நகரத்திலே ரயில் ஓடாத ரயில் பாதை ஒன்று இருக்கிறது. தென்கோடியில் தஞ்சோங் பகாரிலிருந்து வடகோடியில் உட்லண்ட்ஸ் வரையில் 24 கிலோமீட்டர் நீளம். தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பிறகு, அது இப்போது மனிதர் நடக்கும் வழியாக இருக்கிறது. இரண்டு நாள் காலை வேளைகளில் அதன் இரு பகுதிகளை நடந்து பார்த்தோம். நம்முடன் எழுபது வயதான அத்தையும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் வந்தார்கள்.

முதலில் பாதையின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறோம். 1903-ஆம் வருஷத்தில் இத்தீவின் குறுக்கே உட்லண்ட்ஸ் வரையில் ரயில் விட்டார்கள். அதற்கப்பால் கடல், ஜோகூருக்குப் போகிறவர்கள் நீரைக் கடந்துதான் போகவேண்டும். 1923-இல் கடலில் கல் கொட்டி எழுப்பிய அணைப்பாதையின் மேல் ரயில் ஓடிற்று. 1932-இல் பாதையைத் திருப்பி, தஞ்சோங் பகாரில் பெரிய ஸ்டேஷன் கட்டினார்கள். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடான பின்னரும், தண்டவாளமும் அது கிடந்த நிலமும் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தன. ஒரு நாட்டின் நடுவே இன்னொரு நாட்டின் ரயில்! இரு சர்க்கார்களும் வெகு காலம் பேசி, 2010-இல் உடன்பாட்டுக்கு வந்தன. 2011-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார்.

சிங்கப்பூரில் நிலம் பொன்னுக்குச் சமானம். இவ்வளவு நீளமான நிலம் கைக்கு வந்தால் துண்டு போட்டுக் கட்டிடம் எழுப்பத்தானே தோன்றும்? ஆனால் ரயில் நிற்பதற்கு முன்னரே, அங்குள்ள இயற்கைச் சங்கத்தார், பாதையைத் துண்டிக்காமல் மரமும் புல்லும் சூழ்ந்த நடைவழியாக விட்டுவைக்க வேண்டுமென்று யோசனை சொன்னார்கள். ஜனங்கள் ஆதரித்தார்கள். சர்க்காரும் செவிசாய்த்தது.

முதல் நாள் புக்கிட் தீமா ஸ்டேஷனில் தொடங்கினோம். பழைய ரயிலைப் பார்க்கப் புது ரயிலில் போய் இறங்குவது ஒரு வேடிக்கைதான். 1932-இல் கட்டிய சின்னஞ்சிறு செங்கல் கட்டிடம் அது. புதுப்பித்து 2022-இல் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். இங்கே இருந்தது ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரையில் போகலாம் என்பதற்கு அடையாளமாக ஒரு வில்லையை வளையத்தில் கோத்து ஸ்டேஷன் மாஸ்டர் நீட்டுவார். ஓடுகிற வண்டியிலிருந்து அதைப் பற்றிக்கொள்வார்கள். வில்லை கையில் இல்லாவிட்டால் வண்டி நகரக்கூடாது. 2011 வரையில் இந்த ஸ்டேஷனில் இந்த வழக்கம் நடந்துவந்தது.

ஸ்டேஷனைத் தாண்டி வடக்கே போனால் சாலையின் மேல் பெரிய இரும்புப் பாலம் நிற்கிறது. "ரயில் எங்கே?" என்று சிறுமி கேட்டாள். "ரயில் போய்விட்டது, வழியை நமக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறது" என்றோம்.

பாலத்துக்கு அப்பால் காடு. இடப்புறமும் வலப்புறமும் மரங்கள் கவிந்து, வெயில் துளித்துளியாகத்தான் கீழே விழுகிறது. அருகில் தீவின் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமா, சுமார் 164 மீட்டர் உயரத்துடன் நிற்கிறது. ஆனால் குன்றின் அடிவாரத்தில் நடக்கிறோம் என்பது காலுக்குத் தெரியவே இல்லை. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற அஞ்சும் அத்தை, "இந்த வழியிலே ஏற்றமே இல்லையே! யார் செய்த புண்ணியமோ!" என்றாள்.

ஏற்றம் இல்லாததற்குக் காரணம் உண்டு. ரயில் எஞ்சினால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. ஆகையால் மேட்டை வெட்டியும், பள்ளத்தை மண் கொட்டி நிரப்பியும், பாதையைச் சமமாக்கிய பிறகே தண்டவாளம் போடுவார்கள். ரயில் நின்றாலும் அந்தச் சமதரை நிற்கிறது. நாம் சுகமாக நடப்பது யாரோ மண் வெட்டியதனால்தான்.

அந்த 'யாரோ' யார்? மலாய் நாட்டு ரயில் பாதைகளில் மண் சுமந்து, கல் கொட்டி, தண்டவாளம் பதித்தவர்களில் மிகப் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள். 1910 வரையில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1938-இல் தடுக்கப்படும் வரையில் கங்காணிகளின் பின்னாலும் அவர்கள் மலாய் நாட்டுக்குப் போனார்கள். ஸ்டேஷன்களில் குமாஸ்தாக்களாகவும் மாஸ்டர்களாகவும் இருந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். மண்வெட்டி பிடித்தவனும் நம்மவன். பேனா பிடித்தவனும் நம்மவன்.

இன்னும் சிறிது தூரம் போனால், சாலையோரத்தில் பழைய ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலை இருக்கிறது. 1942-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி பெர்ஸிவல், ஜப்பானியத் தளபதி யமஷிடாவிடம் சரணடைந்தது இந்தக் கட்டிடத்தில்தான். இன்று அது ஒரு காட்சிசாலை. அந்தச் சரணாகதிக்குப் பின் போர்க் கைதிகளைச் சாமான் வண்டிகளில் அடைத்து, இந்தப் பாதை வழியாகவே சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மலாய்த் தோட்டங்களிலிருந்தும் தமிழர்களைத் திரள் திரளாகக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதைக்காகப் பதினாயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளிகள் மாண்டார்கள். போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்முடைய தோட்டத் தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. இதைப் பேசிக்கொண்டு திரும்பியபோது அத்தை வெகு நேரம் மௌனமாக இருந்தாள்.

மறுநாள் அதே ஸ்டேஷனிலிருந்து தெற்கே நடந்தோம். இங்கே காடு மெல்ல மெல்ல ஊராகிறது. மாடி வீடுகளுக்கு நடுவே புல்வெளியாகப் போகிற வழியில் தங்ளின் ஹால்ட் என்ற பேட்டை வருகிறது. ரயில் நின்று போன இடமாதலால் அந்தப் பெயர். ரயில் போய்விட்டது, பெயர் போகவில்லை. அதற்குச் சற்று அப்பால், காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் கோபுரத்தைக் கண்டதும் நமக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்டாற்போல் இருந்தது. 1932-ஆம் வருஷ வாக்கில், ரயில்வேயில் வேலை செய்த நம்மவர்கள் தண்டவாளத்துக்கு அருகே முனியாண்டியை வைத்துக் கும்பிடத் தொடங்கியதுதான் இக்கோயிலின் ஆரம்பம்.

வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "ஐயாவுக்கு இந்த இடம் வெகு நாள் பழக்கமோ?" என்று கேட்டோம்.

"என் தகப்பனார் ரயில் பாதையிலே வேலை பார்த்தவர், தம்பி. கடப்பாறையும் சம்மட்டியும்தான் அவர் படித்த படிப்பு. விடிந்ததும் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். பாதையிலே அவர் பேரை எழுதி வைத்த கல் கிடையாது. இந்தச் சாமிதான் சாட்சி" என்றார்.

அத்தை உள்ளே போய் இரண்டு முறை கற்பூரம் ஏற்றினாள். ஒன்று வீட்டுக்கு. மற்றொன்று யாருக்கென்று நாம் கேட்கவில்லை.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். அங்கே சூரியோதயம் ஏறக்குறைய ஏழு மணிக்கு. அப்போதே புறப்பட்டுவிடுவது நலம். குடிநீரும் குடையும் அவசியம். மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது. அது சட்ட விரோதம். முழு வழியையும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. சிறு சிறு பகுதிகளாக நடந்தால் வயோதிகர்களுக்கும் குழந்தைகளுக்கும் சிரமம் இராது.

நடந்து முடித்த பிறகும் கால் வலிக்கவில்லையே என்று குழந்தைகள் ஆச்சரியப்பட்டால், அந்தத் தரையைச் சமமாக்கியவர்களில் நம்முடைய பாட்டன்மாரும் இருந்தார்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.