நாற்றும் வேரும்

கேரட்டுக்கு மஞ்சள் முள்ளங்கி, செம்முள்ளங்கி என்றெல்லாம் தமிழில் பெயர் சூட்டியிருக்கிறோம். உண்மையில் முள்ளங்கிக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. முள்ளங்கி கடுகின் குடும்பத்தது. கேரட், கொத்தமல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தது. இலையைக் கண்டோர் ஐயமின்றி ஒப்புவர். எங்கள் அம்மாவும் அதைக் கொத்தமல்லி என்றே முதலில் எண்ணினார்.

தந்தையார் மறைந்தபின், மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அம்மாவை எங்களோடு குன்னூருக்கு அழைத்துவந்தோம். வீட்டின் பின்புறம் எங்களுக்கு ஒரு பாத்தியளவு நிலம் உண்டு. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த கேரட் இம்மலைக் குளிரில் நன்கு விளைவது. நாங்களும் பயிரிட விழைந்தோம்.

ஆவணித் தொடக்கத்தில் ஓரடி ஆழம் கொத்திக் கல் பொறுக்கினோம். வேர் இறங்கும் வழியில் சிறுகல் கிடந்தாலும் கேரட் இரண்டாகப் பிளந்து வளரும். சீரகம் போன்ற விதையை மணலோடு கலந்து தூவினோம். முளைக்க இரண்டு வாரங்கள் ஆயின. புரட்டாசியில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, எஞ்சியவற்றைப் பிடுங்கத் தொடங்கியபோது அம்மா தடுத்தார்.

“நாத்தப் பறிச்சு யாராச்சும் குப்பையில போடுவாங்களா?”

காவிரிப் படுகையில் அது சம்பா நடவுக் காலம். நாற்றங்காலில் பறித்து வயலில் நட்டால்தான் நெல் தழைக்கும் என்பது அவரது வாழ்நாள் அறிவு. கேரட் இடம் மாறினால் ஆணிவேர் நுனி அறுந்துவிடும், பிறகு நேராக இறங்காது என்றோம். அவர் கேட்கவில்லை. பாத்தியோரம் விரலால் குழியிட்டுத் தனி வரிசையாக நட்டார். பெரும்பாலானவை பிழைத்தன. வேரின் தோள்பகுதி வெயில்பட்டுப் பச்சையேறாதிருக்க, இரு வரிசைக்கும் அவரே மண் அணைத்தார்.

மார்கழித் தொடக்கத்தில் பறித்தோம். விதைத்த இடத்திலேயே நின்றவை விரல்போல் நேராக வந்தன. அம்மா நட்டவையோ இரண்டு கால், மூன்று கால் விட்டு, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வந்தன. சுவையில் வேறுபாடில்லை. அவற்றைக் கழுவி மடியில் வைத்து நெடுநேரம் பார்த்திருந்தவர் சொன்னார்:

“பொழச்சுக்கிடுச்சு. ஆனா கோணிக்கிட்டுப் பொழச்சிருக்கு.”

அன்றிரவே, “தையில அறுப்பு வருது. நான் ஊருக்குப் போயிடட்டுமா?” என்று கேட்டார்.

தனிவீடு, முதுமை, மருத்துவமனைத் தொலைவு என எங்களிடம் காரணங்கள் பல இருந்தன. ஒன்றையும் சொல்ல நா எழவில்லை. தை பிறந்ததும் ஊரில் கொண்டுபோய் விட்டோம். அடுத்த வீட்டு உறவினர் பார்த்துக்கொள்கிறார். இரவுதோறும் எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசுகிறோம்; மணியடித்து அம்மா எடுக்கும்வரை அச்சம்தான்.

அவர் நட்ட வரிசையில் ஒன்றை மட்டும் பறிக்காமல் விட்டிருக்கிறோம். கேரட் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். வெண்ணிறக் குடைபோல் விரியும். பூத்ததும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.