கழிக்கரை வீட்டில் இறால் குழம்பு

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கிள்ளை, அதை ஒட்டிப் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கழிகளும் சிறு திட்டுகளுமாகக் கிடக்கும் பூமி. படகேறி சுரபுன்னைக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். கரையோர இருளர் வீடுகளில் ஒருவேளை உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் குறைவு.

கான்சாகிப் வாய்க்கால் பாசனத்தில் சம்பா வைக்கும் விவசாயத் தம்பதி ஒன்று, தை அறுவடை முடிந்ததும் அப்படி ஒரு வீட்டுக்குப் போனது. நடவுக்கு வந்து போன குடும்பத்தின் அழைப்பு அது. கையில் புது அரிசி, தோட்டத்துக் கத்தரிக்காய், வாழை இலை. பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவிலும் கிராமத்து வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். யங்கோனா என்ற செடியின் வேரைக் கட்டாகக் கொண்டுபோவார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே உண்டு.

வீட்டுக்காரம்மா காலை வற்றத்தில் கழியில் இறங்கியிருந்தார். வலை கிடையாது. தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வதால் கை இரண்டும் வேலைக்கு மிஞ்சும். உரித்த இறாலின் தலையை அவர் எறியவில்லை. அம்மியில் நசுக்கி, சாறு பிழிந்து, கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பில் ஊற்றினார். குழம்பின் ருசியே அதில்தான். தொட்டுக்கொள்ள வறுத்த சென்னாக்குன்னி.

பாதிச் சாப்பாட்டில் அவர் கேட்டார்: "அண்ணே, மார்கழியில மருந்தடிச்சுத் தண்ணிய வடிச்சீங்களா? ஒரு வாரம் பறி காலியாவே வந்துச்சு."

"இலைச்சுருட்டுப் புழுவுக்குத்தாம்மா அடிச்சோம்."

"எதுக்கு அடிச்சீங்களோ, இங்க இறாலத்தான் காணோம்."

விவசாயியால் மறுக்க முடியவில்லை. அந்த வாய்க்காலின் வடிகால் வந்து சேருவது இந்தக் கழியில்தான். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் இறாலுக்கு மிகச் சிறிய அளவிலேயே விஷம். அதற்காக வயல் தண்ணீரே கழிக்கு வேண்டாம் என்பதல்ல. நல்ல தண்ணீர் வந்து கலந்தால்தான் உப்பு மட்டுப்பட்டு அலையாத்தி மரம் செழிக்கும், இறால் குஞ்சு வளரும். 2004 சுனாமியில் கடலோர மணல்திட்டுக் குடியிருப்புகள் சிதைந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. கழியை நம்பியிருப்பது இறால் பிடிப்பவர்கள் மட்டுமல்ல.

"இனிமே மருந்தடிச்சா அஞ்சு நாள் மடையத் தொறக்க மாட்டேன்" என்றார் விவசாயி.

"மழ கொட்டுனா?" என்று கேட்டார் அந்தம்மா.

நியாயமான கேள்வி. கார்த்திகை மழையில் வரப்பு நிரம்பி வழிந்தால் மடையை அடைத்து என்ன பயன்? உடனே பதில் சொன்னது விவசாயியின் மனைவி: "வேப்பங்கொட்டதான் அடிக்கணும்."

5 சதக் கரைசலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு வேண்டும். இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். புழு சிறிதாக இருக்கும்போதே அடித்தால்தான் பலன். கொட்டையை மார்கழியில் தேடினால் கிடைக்காது. ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிரும்போதே பொறுக்கி, நிழலில் உலர்த்திவைக்க வேண்டும்.